பழைய ரெட்டைத் தொட்டி வாஷிங் மெஷின்ல டிரையர் மட்டும் நின்னுட்டுது. எங்கேருந்து பாக்கணும்?

தேரிக்காட்டான்
ஊர் திசையன்விளை. மெஷின் 2006-ல வாங்கின செமி ஆட்டோமேட்டிக், 6 கிலோ. வாஷ் பக்கம் நல்லா ஓடுது, ரெண்டு திசையிலயும் மாறி மாறிச் சுத்துது. டிரையர்ல துணி பாதி பிழிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே நின்னுட்டுது. இப்ப டைமரைத் திருகினா டிக் டிக் சத்தம் வருது, மோட்டார்ல உறுமல்கூட இல்ல. மூடியைத் திறந்து மூடிப் பாத்தாச்சு. கடையில கேட்டா, மெஷினைத் திறக்காமலே "ஸ்பின் மோட்டார் போயிட்டு, புதுசு போடணும்"ங்காங்க. அதுக்கு முன்னால என்னென்ன பாக்கணும், எந்த வரிசையில? மல்டிமீட்டர் கையில இருக்கு.

பாளை ஒயர்மேன்
வாஷ் பக்கம் ஓடுதுன்னா பிளக்கு, மெயின் ஒயரு, பியூஸு மூணையும் விட்ருங்க அண்ணாச்சி. டிரையருக்குப் போற கரண்ட் பாதை ரொம்பச் சின்னது: ஸ்பின் டைமர், மூடி சுவிட்ச், மோட்டார். மூணும் தொடரா இருக்கும். ஒண்ணு அறுந்தாலும் சத்தமே வராது. உறுமல் வந்து சுத்தாம இருந்தா அது வேற கதை, அப்பக் கண்டன்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடுற பாகம்), பிரேக்கு, அடைப்புன்னு போகணும். உங்க கேஸ் முதல் வகை.

முதல்ல பிளக்கை உருவுங்க. சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது. பழைய வீடுகள்ல சுவிட்ச் நியூட்ரல்ல கிடக்கும், பேஸ் அப்படியே மெஷினுக்குள்ள நிக்கும். பின் மூடி ஸ்க்ரூவைக் கழத்தினதும் ஒயர் எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சுக்கிடுங்க. பழைய மெஷின்ல ஒயர் கலரை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், முன்ன வந்து பாத்த ஆளும் மாத்தியிருப்பார். கண்டன்சர்ல சார்ஜ் நிக்கும். ஸ்க்ரூ டிரைவரை வச்சுப் பட்டுனு சார்ட் பண்ணாதீங்க. ஹோல்டர்ல மாட்டின ஒரு குண்டு பல்பை ரெண்டு முனையிலயும் வச்சா இறங்கிரும்.

இனி டைமர். ஒரு ஒயரை உருவிட்டு மீட்டரை 200 ஓம்ல வச்சு, குமிழை 3 நிமிஷத்துக்குத் திருகுங்க. 1 ஓமுக்குக் கீழ காட்டணும். 20, 30 ஓம்னு ஆடினா உள்ள பாயிண்ட் கருகிட்டுது. டிக் டிக் சத்தம் வருதுங்கிறதுக்காக டைமர் நல்லாருக்குன்னு நினைக்காதீங்க. அந்தச் சத்தம் வில்லு விரியுற சத்தம், கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கரண்ட் இல்லாத நேரத்துல திருகினாலும் அது ஓடும்.

அடுத்து மூடி சுவிட்ச். மேல் பேனலுக்குள்ள, மூடியோட கீல் பக்கம் இருக்கும். மூடியில இருக்குற ஒரு நீட்டல், பித்தளைத் தகட்டை அமுக்கும். மூடினா கிட்டத்தட்ட 0 ஓம், திறந்தா ஒண்ணும் காட்டக் கூடாது. கடல் காத்து அடிக்கிற ஊர்ல இந்தத் தகடு பச்சை பூத்துப்போகும். 400 நம்பர் உப்புத்தாளைக் கிழிச்சு இடையில விட்டு உருவினா போதும், தகட்டை வளைச்சுடாதீங்க. சிலபேர் ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்ருவாங்க. மூடி திறந்திருக்கும்போதே தொட்டி சுத்தும். கைய விட்டா கை போயிரும். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

பேட்டை வைண்டிங்
மோட்டாரைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்பின் மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள் வரும்: காமன் (இரண்டு காயிலுக்கும், அதாவது கம்பிச் சுற்றுக்கும், பொதுவானது), மெயின், ஸ்டார்ட்டிங். கனெக்டரைப் பிரித்துவிட்டு மூன்று ஜோடியாக அளக்க வேண்டும். காமன்–மெயின் ஓர் அளவு, காமன்–ஸ்டார்ட்டிங் ஓர் அளவு, மெயின்–ஸ்டார்ட்டிங் அந்த இரண்டின் கூட்டுத்தொகை. வாஷ் மோட்டார் இரு திசையிலும் சுற்ற வேண்டியது என்பதால் அதன் இரண்டு காயிலும் சமமாக இருக்கும். ஸ்பின் ஒரே திசைதான், எனவே பொதுவாகச் சமமாக இருக்காது. எந்த ஒயர் எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதிக ஓம் காட்டும் ஜோடியில் இல்லாத மூன்றாவது ஒயர்தான் காமன்.

மூன்று அளவையும் இங்கே எழுதுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையிலும் அளந்து சொல்லுங்கள்.

கடையநல்லூர் சபுராளி
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், நம்ம விஷயமும் டிரையர்தான். சவுதியிலருந்து கார்கோவுல வந்தது, சூடு காத்துல காயவைக்கிற பழைய அமெரிக்க டைப்பு, ஸ்டிக்கர்ல 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. இங்க டிரான்ஸ்பார்மர் வச்சு மோட்டாரை ஓட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப உள்ள லைட் எரியுது, பட்டனை அமுக்கினா ஒரு அசைவும் இல்ல. இதுக்கும் இதே வரிசைதானா?

பாளை ஒயர்மேன்
காக்கா, அது வேற சாதி. இவரு மெஷின் தண்ணியைச் சுத்தி உதறுது, உங்களது சூட்டுல காயவைக்குது. இவரு அளவு வரட்டும், அதுக்குப் பிறகு உங்களதுக்கு வாறேன்.

தேரிக்காட்டான்
அளந்தாச்சு.
டைமர் 0.4 ஓம். மூடி சுவிட்ச் 0.3, திறந்தா ஒண்ணுமில்ல.
மோட்டார்: நீலம்–சிவப்பு ஒண்ணுமில்ல. நீலம்–மஞ்சள் ஒண்ணுமில்ல. சிவப்பு–மஞ்சள் 183 ஓம். உடலுக்கு எந்த ஒயரும் காட்டல.
அப்ப கடைக்காரர் சொன்னது சரிதானா?

பேட்டை வைண்டிங்
இல்லை. உங்கள் காயில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. சிவப்பு–மஞ்சள் 183 காட்டுகிறதே, அது இரண்டு காயில் வழியாகவும் போய் வந்த அளவு. அறுந்திருப்பது நீலம், அதாவது காமன் பாதை. அந்தப் பாதையில் காயிலுக்குள் நூல் கட்டி ஓவர்லோடு புரொடெக்டர் ஒன்று செருகியிருப்பார்கள். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது திறந்துகொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆறினால் தானே மூடிக்கொள்ளும். இன்னொன்று ஒருமுறை போனால் போனதுதான். அது 130 டிகிரியைச் சுற்றி உருகும் பியூஸ். முதல் வகை என்றால் மோட்டார் முழுக்க ஆறியதும் நீலத்தில் அளவு வரும். வராவிட்டால் மோட்டாரைக் கழற்றி, வார்னிஷ் நூலைப் பிரித்து, அந்தச் சின்ன பாகத்தை மட்டும் மாற்றலாம். காயிலை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் தேவையில்லை. ஆனால் அதே டிகிரி, அதே ஆம்பியர் பாகமாக இருக்க வேண்டும். அதை நீக்கிவிட்டு நேரடியாக ஈயம் வைத்து இணைத்தால் அடுத்த முறை காயில்தான் எரியும், மெஷினின் பிளாஸ்டிக் உடலும் சேர்ந்து.

காலையில் அளந்து பாருங்கள்.

ஜங்ஷன் ஸ்பேர்ஸ்
மோட்டார் வாங்குறதா இருந்தா ஒண்ணு சொல்லிருதேன். காப்பர், அலுமினியம்னு ரெண்டு வைண்டிங் வருது. வெளிய பாத்தா ஒண்ணுபோல இருக்கும். கையில தூக்கினா எடை தெரியும். ஷாஃப்ட் விட்டம், மூணு போல்ட் ஓட்டையோட தூரம், பிரேக் டிரம் உயரம், இந்த மூணையும் பழைய மோட்டாரைக் கையில கொண்டுவந்து ஒப்பிட்டு வாங்கணும். மெஷின் பேரைச் சொல்லி வாங்கினா மாறிப்போகும்.

கல்லிடை அப்பளம்
மோட்டார் வாங்குற பேச்சு இப்ப எதுக்கு அண்ணாச்சி? சூடானதுக்குக் காரணம் தெரியாம புது மோட்டாரைப் போட்டா அதுவும் அதே வழிதான் போகும்.

டிரையர் மோட்டார் சூடாகுறதுக்கு வீட்டுல நடக்குற காரியங்களைச் சொல்லுதேன். ஒண்ணு, தண்ணி. டிரெயின் பைப் நுனி தரையை விட்டு மேல தூக்கிக் கிடந்தாலோ, ஓட்டையில பஞ்சு அடைச்சாலோ வெளித் தொட்டியில தண்ணி நிக்கும். சுத்துற கூடை அந்தத் தண்ணியைக் கடைஞ்சுக்கிட்டே ஓடும், மோட்டார் திணறும். வாஷ் தண்ணியைத் திறந்துவிட்டுக்கிட்டே அந்தப் பக்கம் டிரையரையும் ஓட்டுனா, ரெண்டுக்கும் ஒரே பைப்புங்கிறதால எதிர்த்து வந்து நிக்கும். முதல்ல வாஷ் தண்ணி முழுக்கப் போகட்டும், பிறகு டிரையர்.

ரெண்டு, கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவுல விழுந்த சாமான். குழந்தை சாக்ஸ், கைக்குட்டை, பிளவுஸ் நாடா. துணிக்கு மேல போடுற வட்ட பிளாஸ்டிக் தட்டை எத்தனை வீட்ல போடுதாங்க? அதைப் போடலைன்னா சின்னத் துணி மேல ஏறிப் பறந்து வெளிய விழும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கூடையைக் கையால சுத்தும்போது ஒரே இடத்துல இடிச்சா இதுதான்.

மூணு, உப்புத் தண்ணி. போர் தண்ணியில கூடைக்கு அடியில வெள்ளையா படிஞ்சு, ஷாஃப்ட்டைப் பிடிச்சிருக்குற ரப்பர் பெல்லோவை அறுக்கும். அறுந்தா தண்ணி ஷாஃப்ட் வழியா மோட்டார் தலையில சொட்டும். மோட்டார் மேல வெள்ளைக் கோடு, துருக்கோடு தெரியுதான்னு பாருங்க. அப்படி இருந்தா பெல்லோவை மாத்தாம மத்ததைத் தொட்டுப் பிரயோசனம் இல்ல.

தேரிக்காட்டான்
காலையில அளவு வந்துட்டுது. நீலம்–சிவப்பு 82, நீலம்–மஞ்சள் 101. கூட்டினா 183 சரியா வருது. எல்லாத்தையும் மாட்டி, துணியில்லாம ஓட்டினா உறுமிக்கிட்டு மெதுவா கிளம்புது, முழு வேகம் எடுக்கல. கொஞ்ச நேரத்துல ரப்பர் தீயுற வாசம். உடனே நிறுத்திட்டேன். வெளித் தொட்டியில தண்ணி இல்ல, சாக்ஸ் ஒண்ணும் இல்ல. மோட்டார் தலையில கோடு எதுவும் இல்ல.

ஜங்ஷன் ஸ்பேர்ஸ்
கண்டன்சர்தான். கண்ணை மூடிட்டு மாத்துங்க.

பாளை ஒயர்மேன்
கண்ணைத் திறந்துக்கிட்டே மாத்தலாமே. மெதுவா கிளம்புதுன்னா கண்டன்சரும் இருக்கலாம், பிரேக்கும் இருக்கலாம். ஆனா ரப்பர் வாசம் கண்டன்சர்ல வராது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க வழி இருக்கு.

பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. மோட்டார் ஷாஃப்ட்டுல ஒரு டிரம். அதுக்குப் பக்கத்துல ஒரு கை, அதுல பிரேக் ஷூ. ஸ்பிரிங் அந்தக் கையை டிரம்மோட சேர்த்து எப்பவும் அமுக்கிக்கிட்டு இருக்கும். மூடியை மூடினா, மேலேருந்து வர்ற பிரேக் ஒயர் கையை இழுத்து ஷூவை விலக்கும். திறந்தா ஒயர் தளரும், ஷூ பிடிக்கும். ஆக ஒயர் நீண்டாலோ, உறைக்குள்ள துருப்பிடிச்சு இறுகினாலோ, மூடி மூடியிருந்தாலும் பிரேக் பாதி பிடிச்சபடியே கிடக்கும். பிரேக் போட்டபடியே வண்டி ஓட்டுற கதைதான்.

சோதனை: பிளக்கை உருவிட்டு, மூடியை மூடிட்டு, பின்பக்கமாக் கையை விட்டு டிரம்மைச் சுத்துங்க. தடையில்லாம வரணும், விட்டா தானா சில சுத்து போகணும். இறுக்கமா இருந்தா, பிரேக் கையை விரலால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு மறுபடி சுத்துங்க. இப்ப லேசா வந்தா ஒயர்தான் குத்தம். அப்பவும் இறுக்கம்னா மோட்டார் புஷ்ஷோ (ஷாஃப்ட்டைத் தாங்குற வளையம்), கூடை அடி ஷாஃப்ட்டோ பிடிச்சிருக்கு.

பேட்டை வைண்டிங்
கண்டன்சரையும் அளந்துவிடுங்கள், ஊகம் எதற்கு? பெரும்பாலான ரெட்டைத் தொட்டியில் ஒரே டப்பாவில் இரண்டு கண்டன்சர், மூன்று ஒயர். 10+5, 12+5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) மாதிரி மேலே அச்சிட்டிருக்கும், 440 வோல்ட். பெரியது வாஷுக்கு, சின்னது ஸ்பின்னுக்கு. 5 எம்எஃப்டி என்று போட்டது 4.75 வரை இறங்கலாம். 4.5-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். 3-க்கு வந்துவிட்டால் உறுமல், மெதுவான தொடக்கம், சூடு எல்லாம் நிச்சயம். முழுக்கச் செத்துவிட்டால் வெறும் உறுமல்தான், கூடை கிளம்பாது.

"பெரிய கண்டன்சர் போட்டால் வேகமாகச் சுற்றும்" என்று சொல்லி 8, 10 மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகம் கூடாது. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1500-ஐத் தாண்ட வழியே இல்லை, சுமையோடு 1300-ஐ ஒட்டி நிற்கும். கூடுவது ஸ்டார்ட்டிங் காயிலின் சூடு மட்டும். மூன்று ஒயரில் வாஷும் ஸ்பின்னும் மாறிப் போனாலும் இதேதான் நடக்கும். அப்போது வாஷ் பக்கம் திணறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கடையநல்லூர் சபுராளி
நம்ம விஷயம்?

பாளை ஒயர்மேன்
வந்துட்டேன் காக்கா. உங்க மெஷின்ல லைட் எரிஞ்சும் மோட்டாருக்கு உசிர் இல்லைன்னா நாலு இடம்: கதவு சுவிட்ச், பெல்ட் அறுந்தா கட் பண்ற சுவிட்ச் (எல்லா மாடல்லயும் இருக்காது), ஸ்டார்ட் பட்டன், பிறகு ஊதுற ஃபேன் கூட்டுல மாட்டியிருக்குற தெர்மல் பியூஸ். கடைசிதான் பழைய மெஷின்ல அதிகம். பல மாடல்ல அது 91 டிகிரியில போயிரும், போனா மோட்டாரே கிளம்பாது. ரெண்டு ஒயரையும் உருவிட்டு அளங்க, 0 வரணும். வரலைன்னா பியூஸ் போச்சு, அது ஆறினாலும் திரும்ப வராது. ஹீட்டர் பெட்டியில இருக்குற கட்-ஆஃப் வேற. அது போனா டிரம் சுத்தும், சூடு வராது. பெல்ட்டை டிரம்மைக் கையால சுத்தியே பாத்துரலாம். ரொம்ப லேசா சுத்துனா பெல்ட் அறுந்து கிடக்கு.

இனிதான் முக்கியம். பியூஸ் ஏன் போச்சு? உங்க மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது. 1725 சுத்து சுத்த வேண்டியது இங்க 50-ல சுமாரா 1430 சுத்தும். ஃபேனும் அதே மோட்டார்லதான், ஆக காத்து ஆறுல ஒரு பங்கு குறையும். ஹீட்டர் 240 வோல்ட்டுக்கு உள்ளது 230-ல 8 சதவீதம்தான் குறையும். சூடு கொஞ்சம் குறைஞ்சு, காத்து அதைவிட அதிகமாக் குறையுது. அதுக்கு மேல பஞ்சு அடைச்சிருந்தா, இல்ல வெளிக் குழாய் நசுங்கியிருந்தா, பியூஸ் தாங்காது. பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் எடுங்க. ஃபேன் கூட்டையும் பின்குழாயையும் பிரிச்சு முழுக்கச் சுத்தம் பண்ணிட்டுத்தான் புது பியூஸ் மாட்டணும். பியூஸை ஒயர் வச்சுத் தாண்டி விட்ராதீங்க, பஞ்சு இருக்குற இடத்துல அது தீ வைக்கிற வேலை.

மோட்டாருக்கு 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸ்ல குடுத்தா உள்ள இருக்குற இரும்புல காந்தம் நிறைஞ்சு சூடாகும். 120-ஐ 60-ஆல வகுத்து 50-ஆல பெருக்கினா 100 வோல்ட். 100-லருந்து 110-க்குள்ள குடுத்தா நல்லது. டிரான்ஸ்பார்மர் 1.5 கேவிஏக்குக் குறையக் கூடாது, கிளம்புற நேரத்துல பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஹீட்டர் 5 கிலோவாட்னா இங்க 20 ஆம்பியர் வரும். 16 ஆம்பியர் பிளக்குல மாட்டியிருந்தா இன்னைக்கே கழத்துங்க. 6 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 32 ஆம்பியர் எம்சிபின்னு தனி லைன் இழுக்கணும்.

கடையநல்லூர் சபுராளி
16 ஆம்பியர் பிளக்குலதான் கிடக்கு. கழத்திட்டேன். பஞ்சு வலை இருக்குற இடமே இப்பத்தான் தெரியும்.

தேரிக்காட்டான்
கண்டன்சர் 10+5. அளவு 9.8, 4.8. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.
மூடி மூடியிருக்கும்போது டிரம் இறுக்கமா வருது. பிரேக் கையைத் தள்ளிப் பிடிச்சா லேசா சுத்துது. ஷூ ஒரு பக்கம் வழுவழுன்னு கருத்துப்போய்க் கிடக்கு. ஒயர் உறையோட கீழ் நுனியில துரு.

கல்லிடை அப்பளம்
கடல் காத்துக்குத் தப்புமா. ஒயர்தான்.

பாளை ஒயர்மேன்
அப்ப மோட்டார் செலவு மிச்சம். பழைய ஒயருக்கு எண்ணெய் விட்டு ஓட்டலாம்னு தோணும், வேண்டாம். துரு உள்ள முழுக்க இருக்கும், கொஞ்ச நாள்ல மறுபடி இறுகும். புதுசு மலிவு. உள் ஒயர் நீளம், உறை நீளம் ரெண்டையும் பழசோட வச்சுப் பாத்து வாங்குங்க. உறை நீளம் மாறினா இழுப்பு சரியா வராது.

மாட்டும்போது மேல் முனையை முதல்ல மூடிப் பக்கத்துக் கொக்கியில போடுங்க. கீழ பிரேக் கையில போட்டுட்டு, மூடியை மூடி, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல 2 மி.மீ. வெளிச்சம் தெரியுற மாதிரி சரிபண்ணுங்க. அதிகமா இழுத்து வச்சா திறக்கும்போது பிரேக் சரியாப் பிடிக்காது. ஓடுற நேரத்துல மூடியைத் திறந்தா 15 விநாடிக்குள்ள கூடை முழுக்க நிக்கணும், அதுதான் கணக்கு. ஒயர் மோட்டார்லயோ ஸ்பிரிங்குலயோ உரசாம வளைவு பெருசா இருக்கட்டும். ஸ்பின் மோட்டார் ஸ்பிரிங் மேல ஆடுற சாமான், ஆடும்போது இழுபடாத அளவு தளர்ச்சி வேணும்.

ஷூ கருத்துப்போச்சுன்னா உப்புத்தாள் போடாதீங்க, மாத்திருங்க. கருகின லைனிங் டிரம்மை வழுக்கும். டிரம்மை மட்டும் காஞ்ச துணியால துடைங்க. எண்ணெய், கிரீஸ் ஒரு சொட்டுகூட அங்க படக் கூடாது.

தேரிக்காட்டான்
ஷூ மாத்த கூடையை வெளிய எடுக்கணுமா?

ஜங்ஷன் ஸ்பேர்ஸ்
பெரும்பாலும் வேண்டாம், பின்பக்கமாவே கை போகும். இடம் இல்லைன்னா, கூடையையும் மோட்டாரையும் சேர்க்குற கப்ளிங்ல 10-ம் நம்பர் ஸ்பேனர் போட்டு லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருகிட்டு, மேலேருந்து கூடையை நேரா தூக்குங்க. துருவுல பிடிச்சிருந்தா துரு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் விடுங்க, சுத்தியால அடிச்சா ஷாஃப்ட் வளையும். திரும்ப மாட்டும்போது போல்ட் நுனி ஷாஃப்ட்டுல உள்ள பள்ளத்துல உக்காரணும். தள்ளி இறுக்கினா கொஞ்ச நாள்ல மோட்டார் மட்டும் சுத்தும், கூடை நிக்கும்.

சிந்துபூந்துறை
இதே இழையில கேட்டுக்கிடுதேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல முழங்கால் தண்ணியில நின்ன மெஷின். அதுக்குப் பிறகு ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. இப்ப டிரையர் டைமரைத் திருகினதும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) விழுது. வாஷுக்கு விழல.

பேட்டை வைண்டிங்
ஸ்பின் மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பது. வண்டல் தண்ணீர் காயிலுக்குள் போயிருக்கும், காய்ந்தாலும் மண்ணும் உப்பும் அங்கேயே இருக்கும், ஈரக்காற்று பட்டால் கசியும். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் விழுவது அதன் கடமை, அதை மாற்றாதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது. 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் மோட்டாரைக் கழற்றி, சுத்தம் செய்து, அடுப்பில் அல்ல, பட்டறை ஓவனில் உலர்த்தி, வார்னிஷ் போட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் ரீவைண்டிங். எர்த் ஒயர் மோட்டார் உடலில் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், வெள்ளத்தில் நின்ற மெஷின்களில் அந்த ஸ்க்ரூ துருவில் அறுந்திருக்கும்.

தேரிக்காட்டான்
பிரேக் ஒயர், ஷூ ரெண்டும் மாத்தியாச்சு. இடைவெளி 2 மி.மீ. வச்சிருக்கு. ஈரத் துணியோட 5 நிமிஷம் முழுசா ஓடுது, மோட்டாரைத் தொட்டா கை வைக்கிற சூடுதான். மூடியைத் திறந்தா 15 விநாடிக்குள்ள நிக்குது. பின் மூடிக்கு அடியில எலி போற அளவு திறப்பு இருக்கு. வலை அடிக்கலாமா?

பாளை ஒயர்மேன்
அடிக்கலாம். இரும்பு வலை வேண்டாம், உங்க ஊருக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. பிளாஸ்டிக்கை எலி கடிக்கும். ஸ்டெயின்லெஸ் வலை, கண் கால் அங்குலத்துக்குள்ள. காத்துப் போகணும், அதனால முழுசா மூடாதீங்க. மோட்டாருக்குக் கீழ ஒரு விரல்கடை விட்டு அடிங்க, ஸ்பின் ஓடும்போது மோட்டார் ஆடி வலையில இடிக்கக் கூடாது. ஒயரையெல்லாம் டேக் போட்டு மேல தூக்கிக் கட்டிட்டு அடிங்க.